சுட்ட உறையின் தோளை எவ்வளவு தள்ளுவது? ரைபிள் பித்தளையை அளவு திருத்தும் வழிகள்: ஓர் ஒப்பீடு

சுட்ட பித்தளை உறையில் மருந்தும் குண்டும் வைத்து மீண்டும் தோட்டாவாக்கும் மறுநிரப்பில் புதிதாக இறங்கியவர்கள் என்னிடம் திரும்பத் திரும்பக் கேட்கும் கேள்வி ஒன்று உண்டு. "சுட்ட உறையின் கழுத்தை மட்டும் அளவு திருத்தினால் போதுமா, உறை முழுவதையும் திருத்த வேண்டுமா?" கேட்பவர்களில் ஒருவரிடம் .308 தோட்டாவைச் சுடும், போல்ட்டைக் கையால் இழுத்து மூடும் போல்ட் ரைபிள் இருக்கிறது. இன்னொருவரிடம், சுட்டதும் அடுத்த தோட்டாவைத் தானே ஏற்றிக்கொள்ளும் .223 அரைத்தானியங்கி. மூன்றாமவர் வைத்திருப்பது இரண்டு தலைமுறை கண்ட .303. மூவருக்கும் ஒரே பதிலைச் சொல்ல முடியாது. ஆனால் மூவரும் ஒரே ஓர் அளவை முதலில் எடுத்துப் பார்த்திருந்தால் குழப்பத்தில் பாதி அப்போதே தீர்ந்திருக்கும். சுடப்பட்டு வெளியே வந்தபோது உறையின் தோள் (உடல் குறுகிக் கழுத்தாக மாறும் சரிவு) எங்கே நின்றது, உறையை அமுக்கி அளவு திருத்தும் எஃகு அச்சான டையை விட்டு வந்தபின் எங்கே நிற்கிறது என்பதுதான் அந்த அளவு.

இதை அனுபவித்தே தெரிந்துகொண்டேன். பல ஆண்டுகளுக்கு முன், டையோடு வந்த குறிப்புத் தாளில் சொன்னபடியே எல்லாவற்றையும் செய்து, நான்காவது முறையாக நிரப்பிய .308 உறை ஒன்று துப்பாக்கிக்குள்ளேயே இரண்டாகப் பிரிந்தது. அடிப்பகுதி மட்டும் போல்ட்டோடு வெளியே வந்தது. மீதி உடல், தோட்டா அமரும் அறையான சேம்பருக்குள் ஒரு குழாய் போல ஒட்டிக்கொண்டு நின்றது. யாருக்கும் காயமில்லை. அன்று மாலை அதே தொகுதியில் மிச்சமிருந்த ஓர் உறையை நீளவாக்கில் இரம்பத்தால் அறுத்துப் பார்த்தேன். அடியிலிருந்து ஏறத்தாழ 8 மில்லிமீட்டர் உயரத்தில், உட்சுவரைச் சுற்றி நகத்தால் கீறியது போல ஒரு பள்ளம். அந்த இடத்தில் சுவர் காகிதம் போல மெலிந்திருந்தது. வெடிமருந்தின் அளவில் பிழையில்லை, பித்தளையும் நல்ல பித்தளைதான். ஒவ்வொரு முறையும் தோளைத் தேவைக்கு மேல் பின்னுக்குத் தள்ளியதுதான் அந்தப் பள்ளத்தை உண்டாக்கியது.

ஓர் அளவுச் சொல்லை இங்கேயே சொல்லிவிடுகிறேன். அங்குலத்தில் ஆயிரத்தில் ஒரு பங்கைக் கடைசல் பட்டறையில் "தௌ" என்பார்கள். இந்தக் கட்டுரை முழுவதும் அந்தச் சொல்லையே எழுதுகிறேன். 0.002 அங்குலம் என்றால் 2 தௌ.

## சுடும்போது உறைக்குள் நடப்பது

தோட்டா உறைக்கான பித்தளை ஏறத்தாழ 70 பங்கு செம்பும் 30 பங்கு துத்தநாகமும் கலந்தது. இழுத்தால் நீளும், விட்டால் கொஞ்சம் பின்வாங்கும். .308 வின்செஸ்டர் தோட்டாவுக்கு அமெரிக்கத் தொழில்தரம் அனுமதிக்கும் உச்ச அழுத்தம் சதுர அங்குலத்துக்கு 62,000 பவுண்டு. .223 ரெமிங்டனுக்கு 55,000, .303 பிரிட்டிஷுக்கு 49,000. இந்த அழுத்தத்தில் உறை பலூன் போல உப்பிச் சேம்பர் சுவரில் ஒட்டிக்கொள்கிறது. வாயு பின்னால் கசியாமல் அடைப்பது அதுதான். அழுத்தம் இறங்கியதும் ஒரு தௌ அளவுக்குச் சுருங்கி விலகுகிறது. ஆகவே சுட்ட உறை என்பது உங்கள் சேம்பரின் வார்ப்பு. ஆலை உறை பல துப்பாக்கிகளுக்குப் பொதுவாகச் செய்யப்பட்டது, சுட்ட உறை உங்கள் துப்பாக்கிக்கு மட்டுமே உரியது.

அடிப்பகுதி கெட்டியானது, உப்பாது. கழுத்தும் தோளும் மெல்லியவை. மருந்தைப் பற்றவைக்க உறையின் அடியில் இருக்கும் பிரைமரை ஊசி தட்டும்போது உறை முன்னோக்கித் தள்ளப்பட்டுத் தோள் சேம்பர் தோளில் போய் நிற்கிறது. அழுத்தம் ஏறும்போது முன்பகுதிச் சுவர் சேம்பரைப் பிடித்துக்கொள்கிறது. அடிப்பகுதிக்கும் போல்ட் முகத்துக்கும் நடுவே இடைவெளி இருந்தால், அடி அந்த இடைவெளியைத் தாண்டிப் பின்னால் பாய்கிறது. முன்பாதி நகராது, பின்பாதி நகரும். எனவே கெட்டியான அடி முடிந்து மெல்லிய சுவர் தொடங்கும் இடம் இழுபடுகிறது. நான் அறுத்துப் பார்த்த பள்ளம் அங்கேதான் இருந்தது. இந்த இடைவெளியை நிர்ணயிப்பதுதான் ஹெட்ஸ்பேஸ், அதாவது போல்ட் முகத்திலிருந்து தோட்டா தடுத்து நிற்கும் இடம் வரையான தூரம். .308-ல் தோளின் மேல் 0.400 அங்குல விட்டம் வரும் கோட்டிலிருந்து அளக்கும்போது, சேம்பரின் நீளம் 1.630 முதல் 1.640 அங்குலம் வரை இருக்கலாம் என்று தரம் சொல்கிறது. ஒரு துப்பாக்கி இந்த எல்லையின் ஒரு முனையிலும் உங்கள் டை மறுமுனையிலும் இருந்தால், இரண்டுமே சரியாகச் செய்யப்பட்டிருந்தும் உறை கெடும்.

## எதை வைத்து எடைபோடுவது

முதலாவது, சேம்பருக்குள் தடையின்றிப் போய்வருவது. போல்ட் இறுகும்போது பலம் தேவைப்பட்டால், எவ்வளவு துல்லியமான தோட்டாவானாலும் பயனில்லை. இரண்டாவது, உறையின் ஆயுள். இதில் அடிச்சுவர் மெலிவதையும் கழுத்து வெடிப்பதையும் தனித்தனியாகப் பார்க்க வேண்டும், ஏனெனில் இரண்டுக்கும் காரணம் வேறு. மூன்றாவது, நேர்மை. கழுத்து உடலோடு ஒரே அச்சில் நிற்கிறதா, குண்டை ஒரே சீராகப் பிடிக்கிறதா என்பது. நான்காவது, உழைப்பு: மசகு பூசுவது, துடைப்பது, நீளம் வெட்டுவது எல்லாம். இவற்றுக்கு மேலே, எதோடும் பேரம் பேச முடியாத ஒன்று இருக்கிறது. அது துப்பாக்கியின் வகை. அரைத்தானியங்கிக்குச் சில வழிகள் தொடக்கத்திலேயே அடைபட்டுவிடுகின்றன.

மறுநிரப்புக்கு உரிமம் தேவையா என்பது நாட்டுக்கு நாடு மாறும். உறையை டைக்குள் தள்ளும் கைப்பிடிக் கருவியான பிரஸ்ஸை மேசையில் பூட்டுவதற்கு முன் உங்கள் நாட்டுச் சட்டத்தைப் படித்துவிடுங்கள்.

## வழி 1: ஆலை டையை அடிவரை இறக்கி, உறை முழுவதையும் திருத்துவது

பெட்டியைத் திறந்ததும் கையில் வருவது இந்த டைதான். உறையின் அடியைப் பிடித்துக்கொள்ளும் ஷெல் ஹோல்டரைத் தொடும்வரை டையை இறக்கி, அதற்கு மேல் எட்டில் ஒரு பங்கோ நாலில் ஒரு பங்கோ சுற்று இறுக்கச் சொல்லும் குறிப்பு கூடவே இருக்கும். உடலின் விட்டம் குறைகிறது, தோள் பின்னுக்குப் போகிறது, கழுத்து சுருங்குகிறது, கடைசியில் உள்ளிருக்கும் உருண்டை கழுத்தை மீண்டும் விரித்துக்கொண்டு வெளியே வருகிறது.

இதன் பலம் நம்பகம். எந்தச் சேம்பரில் சுட்ட உறையாக இருந்தாலும், அநேகமாக எந்தச் சேம்பருக்குள்ளும் போகும். பிறர் சுட்ட உறைகள், பொறுக்கி எடுத்த உறைகள், ஒரே தோட்டாவுக்கு இரண்டு மூன்று துப்பாக்கிகள் வைத்திருப்பவர்களின் கலவை உறைகள் ஆகியவற்றுக்கு முதல் முறை இதைவிட்டால் வேறு வழியில்லை.

பலவீனம் நான் மேலே சொன்ன கதையில் இருக்கிறது. டையின் மறை அங்குலத்துக்கு 14 சுற்று. ஒரு முழுச் சுற்றுக்கு ஏறத்தாழ 71 தௌ இறங்கும். எட்டில் ஒரு பங்கு சுற்று என்றால் 9 தௌ. பிரஸ் வளைந்து கொடுப்பதால் அந்த 9 தௌவும் தோளில் விழாது என்பது உண்மைதான். ஆனால் எவ்வளவு விழுகிறது என்று யாருக்கும் தெரியாமல் போவதுதான் சிக்கல். விசாலமான சேம்பரில் தோள் 6, 8 தௌ பின்னுக்குப் போய்விடலாம். ஒவ்வொரு முறை சுடும்போதும் அவ்வளவு தூரம் அடிச்சுவர் இழுபடும்.

இரண்டாவது குறை கழுத்தில் இருக்கிறது. .308 சேம்பரில் சுட்ட கழுத்தின் வெளிவிட்டம் 343 தௌ அளவில் இருந்தால், ஆலை டை அதை 330 அளவுக்குக் குறுக்கிவிட்டு, உருண்டையால் மீண்டும் விரிக்கும். மெல்லிய சுவர் கொண்ட உறைக்கும் சேர்த்துச் செய்யப்பட்ட டை என்பதால் இப்படி. தேவையில்லாமல் குறுக்கி, தேவையில்லாமல் விரிப்பதால் கழுத்து சீக்கிரம் கடினப்படுகிறது. கழுத்தின் உட்புறம் மசகில்லாமல் இருந்தால், உருண்டை வெளியேறும்போது பிரஸ் கைப்பிடி கிறீச்சிடும். அந்தச் சத்தம் கேட்டால் கழுத்து மேல்நோக்கி இழுபடுகிறது என்று பொருள். அது ஒரு பக்கமாகச் சாய்வதும் பெரும்பாலும் இங்கேதான்.

## வழி 2: கழுத்தை மட்டும் திருத்துவது

சேம்பருக்கு ஏற்ப வார்ந்திருக்கும் உடலை ஏன் கெடுக்க வேண்டும், குண்டைப் பிடிக்கும் கழுத்தை மட்டும் சுருக்கினால் போதாதா? இந்த வாதம் கேட்கவே அழகாக இருக்கும். முதல் இரண்டு மூன்று முறை அது உண்மையாகவும் இருக்கும். தோள் நகராததால் அடிச்சுவர் இழுபடுவதில்லை. உடலைத் தொடாததால் நீளமும் மெதுவாகவே வளரும்.

கழுத்து டைகளில் இரண்டு குணங்கள் உண்டு. புஷிங் வகை, மாற்றக்கூடிய ஒரு வளையத்தால் வெளியிலிருந்து அழுத்துவது. புஷிங்குகள் ஒரு தௌ இடைவெளியில் கிடைக்கின்றன. நிரப்பி முடித்த தோட்டாவின் கழுத்தை அளந்து, அதிலிருந்து 2 அல்லது 3 தௌ குறைத்துப் புஷிங் எடுப்பது வழக்கம். 336 அளந்தால் 334 அல்லது 333. இதில் கழுத்துச் சுவரின் தடிமன் வேறுபாடு உட்புறத்துக்குத் தள்ளப்படுகிறது. ஒரே மூச்சில் 5 தௌவுக்கு மேல் குறைக்க நேர்ந்தால் இரண்டு புஷிங்குகளாகப் பிரித்துச் செய்வது நல்லது.

காலெட் வகை வேறு மாதிரி. நடுவில் ஒரு தண்டு நிற்க, பிளவுபட்ட விரல்கள் கழுத்தை நாற்புறமும் அந்தத் தண்டின் மேல் அழுத்துகின்றன. லீ நிறுவனத்தின் காலெட் டை இந்த வகையில் பலரும் அறிந்தது. மசகு தேவையில்லை, இழுக்கும் உருண்டையும் இல்லை. எனவே கழுத்து சாயாது, நீளாது. ஆனால் கைப்பிடியை எவ்வளவு அழுத்துவது என்பதைக் கைதான் கற்றுக்கொள்ள வேண்டும். முதல் 20 உறைகளில் பிடி ஒன்றுக்கொன்று மாறுபடும். அதன்பின் சீராகிவிடும்.

இனி கழுத்து மட்டும் திருத்துவதன் விலையைச் சொல்ல வேண்டும். ஒவ்வொரு முறை சுடும்போதும் உடல் சேம்பருக்கு இன்னும் கொஞ்சம் நெருங்குகிறது. ஒரு முறை சுட்டதும் உறை முழுச் சேம்பர் அளவை எட்டிவிடுவதில்லை, இரண்டு மூன்று முறை ஆகிறது. அதனால்தான் தொடக்கத்தில் எல்லாம் நன்றாக இருப்பது போலத் தெரிகிறது. அழுத்தம் கூடிய தோட்டாக்களில் நான்காவது, ஐந்தாவது முறையில் போல்ட் இறுக்கத் தொடங்கும். அப்போது உடலையும் திருத்தியே ஆக வேண்டும். அதாவது ஒரே தொகுதிக்குள் இரண்டு வகை உறை: நேற்று வரை இறுகியிருந்தது, இன்று தளர்ந்தது. துல்லியத்துக்காக இந்த வழியைத் தேர்ந்தவருக்கு இதைவிடப் பெரிய முரண் இல்லை. போட்டிச் சுடுநர்கள் பலர் ஒரு காலத்தில் கழுத்தை மட்டும் திருத்திவந்தார்கள். இன்று அவர்களில் பெரும்பாலோர் முழுத் திருத்தத்துக்கு வந்துவிட்டார்கள். போல்ட்டை மூட விசை தேவைப்பட்டால் துப்பாக்கி தாங்கியில் அசைகிறது. ஒவ்வொரு முறையும் உறை ஒரே மாதிரி அமர்வதில்லை. உறை சேம்பரை முத்தமிட வேண்டும், அடைக்கக் கூடாது.

வேட்டைக்குப் போகிறவருக்கு இதில் கூடுதல் ஆபத்து இருக்கிறது. மேசையில் சிரமத்தோடு மூடிய போல்ட், தூசியும் ஈரமும் சேர்ந்த இடத்தில் மூடாமலே போகலாம்.

## வழி 3: அளந்து தள்ளும் முழுத் திருத்தம்

என் மேசையில் நிரந்தரமாக நிற்பது இதுதான். டை, வழி 1-ல் சொன்ன அதே வகைதான். கழுத்துக்குப் புஷிங் வைத்த முழு டையாக இருந்தால் இன்னும் நல்லது. வேறுபாடு டையில் இல்லை, அதை நிறுத்தும் இடத்தில் இருக்கிறது. தோளை, சுட்ட நிலையிலிருந்து போல்ட் ரைபிளுக்கு 1 முதல் 2 தௌ, அரைத்தானியங்கிக்கு 3 முதல் 5 தௌ மட்டும் பின்னுக்குத் தள்ளுவது. உடலின் விட்டம் ஒவ்வொரு முறையும் சிறிது குறைகிறது, எனவே உறை ஒரே அளவில் வருகிறது. தோள் அளவோடு நகர்கிறது, எனவே அடிச்சுவர் பிழைக்கிறது.

இதில் புதியவர்கள் சறுக்கும் ஒரு பொறி உண்டு. "கொஞ்சம்தானே தள்ள வேண்டும்" என்று டையை மேலே தூக்கி வைப்பார்கள். டை தோளைத் தொடுவதற்கு முன்பே உடலை அமுக்கத் தொடங்கிவிடுகிறது. அமுங்கிய பித்தளை போக வேண்டிய இடம் முன்பக்கம் மட்டுமே. எனவே தோள் முன்னுக்கு நகர்கிறது! சுட்ட உறையைவிடத் திருத்திய உறை நீளமாக வரும், போல்ட் முன்பைவிட இறுகும். "திருத்திய பின்பும் போகவில்லை, டை பழுது" என்று பலர் டையைக் குறை சொல்வது இந்த நிலையில்தான். இன்னும் சில தௌ இறக்கினால் டையின் தோள் உறையின் தோளைப் பிடித்துப் பின்னுக்குக் கொண்டுவரும்.

### டையை நிறுத்தும் முறை

உங்கள் துப்பாக்கியில் இரண்டு மூன்று முறை சுட்ட உறைகளில் ஐந்தை எடுத்து, பழைய பிரைமரைத் தள்ளிவிடுங்கள். பிரைமரின் விளிம்பு துருத்தியிருந்தால் அளவு பொய் சொல்லும். காலிப்பரில் பொருத்தும் ஹெட்ஸ்பேஸ் ஒப்பளவியால் ஒவ்வோர் உறையையும் அடியிலிருந்து தோள்கோடு வரை அளந்து எழுதுங்கள். எண் எவ்வளவு என்பது முக்கியமில்லை, வித்தியாசம்தான் முக்கியம்.

ஷெல் ஹோல்டரைத் தொடுவதற்குச் சற்று முன்பாக டையை நிறுத்தி, மசகிட்ட ஓர் உறையைத் திருத்தி அளந்து பாருங்கள். பிறகு கொஞ்சம் கொஞ்சமாக இறக்குங்கள். அங்குலத்துக்கு 14 சுற்று மறையில் 1 தௌ என்பது ஏறத்தாழ 5 பாகைத் திருப்பம். கடிகாரத்தில் பெரிய முள் ஒரு நிமிடத்துக்கு 6 பாகை நகரும், அதைவிடக் கொஞ்சம் குறைவு. பூட்டு வளையத்தில் பேனாவால் ஒரு கோடு போட்டுக்கொண்டால் கண்ணுக்கே தெரியும். முதலில் எண் கூடும், பிறகு குறையத் தொடங்கும். சுட்ட அளவைவிட 2 தௌ குறைந்ததும் வளையத்தைப் பூட்டுங்கள்.

இந்த வேலையில் ஒரு காட்சியை ஒருமுறையாவது பார்த்துவிடுங்கள். உறையில்லாமல் கைப்பிடியை இறக்கினால் ஷெல் ஹோல்டரும் டையும் ஒட்டி நிற்கும். உறையை வைத்து இறக்கிவிட்டு, பின்னால் ஒரு கைவிளக்கைப் பிடித்துப் பாருங்கள். நூல் அளவுக்கு வெளிச்சம் தெரியும். பிரஸ்ஸின் இரும்பு வளைந்து கொடுக்கும் அளவு அது. மசகு குறைந்த உறையில் அந்த வெளிச்சம் தடிக்கும், அவ்வளவுக்குத் தோள் குறைவாகத் தள்ளப்பட்டிருக்கும். ஒரே அமைப்பில் திருத்திய உறைகளில் 1, 2 தௌ முன்பின் வருவதற்கு மசகு சீராக இல்லாததே முதல் காரணம். கைப்பிடி அடியில் நிற்கும்போது ஒரு நொடி பொறுத்துத் தூக்கினால் சீர் இன்னும் கூடும்.

ஒப்பளவி இல்லாதவர்கள் போல்ட்டையே அளவுகோலாக்கலாம். மேசையில் உயிருள்ள தோட்டா ஒன்றும் இல்லை என்று உறுதிசெய்துகொண்டு, போல்ட்டிலிருந்து ஊசித் தொகுதியையும், உறையை வெளியே தள்ளும் எஜெக்டரையும் கழற்றுங்கள். வெற்றுச் சேம்பரில் போல்ட் கைப்பிடி தன் எடையாலேயே கீழே விழும். திருத்தாத உறையை வைத்தால் நிற்கும். டையைச் சிறிது சிறிதாக இறக்கி, உறையை வைத்தும் கைப்பிடி தானாக விழும் நிலைக்கு வாருங்கள். என் அனுபவத்தில் காலிப்பரைவிட நேர்மையான அளவுகோல் இது. காலிப்பரை எவ்வளவு அழுத்திப் பிடிக்கிறோம் என்பதைப் பொறுத்தும் 1 தௌ மாறும், கைப்பிடி அப்படி மாறாது.

## வழி 4: உடல் டையும் காலெட்டும்

உடலையும் தோளையும் மட்டும் திருத்தி, கழுத்தைத் தொடாமல் விடும் டை ஒன்று உண்டு. ரெடிங் நிறுவனம் இதை உடல் டை என்ற பெயரிலேயே விற்கிறது. அதில் தோளை 2 தௌ தள்ளிவிட்டு, கழுத்தைக் காலெட்டில் திருத்தினால் இரண்டு உலகின் நன்மையும் கிடைக்கும். சேம்பரில் தடையில்லை, கழுத்து நேராக நிற்கும், உருண்டையின் இழுப்பும் இல்லை. விலை உயர்ந்த புஷிங் டைகளுக்கு ஈடான நேர்மை கிடைக்கிறது என்பதே என் மதிப்பீடு.

செலவு நேரத்தில் வருகிறது. ஒவ்வோர் உறையும் பிரஸ்ஸில் இரண்டு முறை ஏற வேண்டும், நடுவில் மசகைத் துடைக்க வேண்டும். 50 உறைக்குச் சரி. வாரம் 300 உறை நிரப்புகிறவருக்கு அலுத்துவிடும்.

## ஸ்மால் பேஸ் டை

அடிக்கு மேலுள்ள பகுதியைச் சாதாரண டையைவிட ஓரிரு தௌ கூடுதலாகக் குறைப்பது. இறுக்கமான சேம்பர் கொண்ட அரைத்தானியங்கி, லீவர், பம்ப் துப்பாக்கிகளில் சாதாரண டை உண்மையிலேயே தோற்றால் மட்டும் வாங்குங்கள். அரைத்தானியங்கி என்றாலே இது வேண்டும் என்பது பழக்கத்தில் வந்த பேச்சு. தேவையில்லாத இடத்தில் பயன்படுத்தினால் பித்தளை வீணாக உழைக்கிறது.

## ஒரே பார்வையில்

| | ஆலை டை, அடிவரை | கழுத்து மட்டும் | அளந்து தள்ளும் முழுத் திருத்தம் | உடல் டை + காலெட் |
|---|---|---|---|---|
| சேம்பரில் தடையின்மை | எல்லாத் துப்பாக்கிக்கும் | சில முறைகளுக்குப் பின் இறுகும் | அளந்த துப்பாக்கிக்கு நிச்சயம் | அளந்த துப்பாக்கிக்கு நிச்சயம் |
| அடிச்சுவரின் ஆயுள் | குறைவு | நன்று | நன்று | நன்று |
| கழுத்தின் ஆயுள் | குறைவு | நன்று | புஷிங் இருந்தால் நன்று | மிக நன்று |
| கழுத்தின் நேர்மை | உருண்டையைப் பொறுத்தது | காலெட்டில் மிக நன்று | நன்று | மிக நன்று |
| மசகு | கட்டாயம் | காலெட்டுக்கு வேண்டாம் | கட்டாயம் | உடல் டைக்குக் கட்டாயம் |
| நீளம் வெட்டுதல் | அடிக்கடி | அரிதாக | இடைப்பட்டது | இடைப்பட்டது |
| அளவுக் கருவி | இல்லாமலே செய்கிறார்கள் | வேண்டியதில்லை | வேண்டும் | வேண்டும் |
| அரைத்தானியங்கி | பாதுகாப்பானது | கூடாது | மிகப் பொருத்தம் | செய்யலாம், பிடியைச் சோதிக்க வேண்டும் |

## கணக்கில் வராத செலவுகள்

டையின் விலையை மட்டும் பார்த்துத் தேர்ந்தெடுப்பவர்கள் பிறகு திகைப்பது இங்கேதான்.

மசகு குறைந்தால் உறை டைக்குள் சிக்கும். அதை வெளியே எடுக்க அடியைத் துளையிட்டு, மறை வெட்டி, போல்ட் போட்டு இழுக்க வேண்டும். மசகு கூடினால் அது போக இடமில்லாமல் தோளில் குழி விழும். திருத்தி முடித்ததும் மசகை முழுவதும் துடைக்காமல் சுட்டால், உறை சேம்பரைப் பிடிக்காமல் வழுக்கி, போல்ட்டின் மேல் விழும் சுமை கூடுகிறது. துடைப்பது அழகுக்காக அல்ல.

நீளம் அடுத்த செலவு. திருத்தும் ஒவ்வொரு முறையும் பித்தளை கழுத்தை நோக்கி நகர்கிறது. .308 உறையின் உச்ச நீளம் 2.015 அங்குலம், வெட்ட வேண்டிய அளவு 2.005. .223-க்கு 1.760, 1.750. எல்லை மீறிய கழுத்தின் வாய், சேம்பரின் முனையில் இடித்துக் குண்டை இறுகக் கவ்விக்கொள்ளும். குண்டு விடுபட முடியாமல் அழுத்தம் அபாயகரமாக உயரும். எனவே திருத்திய பிறகே அளக்க வேண்டும், அதற்கு முன் அளந்த நீளத்துக்குப் பொருளில்லை.

கழுத்து கடினப்படுவதும் ஒரு செலவுதான். சுருக்கி விரிக்கும் ஒவ்வொரு முறையும் பித்தளையின் துள்ளல் கூடுகிறது. அதே புஷிங் வேறு அளவு தருகிறது, கடைசியில் கழுத்து வெடிக்கிறது. அனீலிங் என்னும் பதம் இளக்கல் இதற்கு மருந்து. கழுத்தையும் தோளையும் மட்டும் சில நொடிகள் சூடாக்குவது. அடிப்பகுதிக்குச் சூடு இறங்கவே கூடாது. அடி மென்மையாகிவிட்டால் அந்த உறை அழுத்தத்தைத் தாங்காது, அதைச் சரிசெய்யவும் வழியில்லை. அப்படி ஆனதோ என்ற ஐயம் வந்தாலே எறிந்துவிடுங்கள்.

பித்தளையைப் பளபளப்பாக்க அமோனியா கலந்த திரவத்தைத் தொடாதீர்கள். ஆங்கிலேயர் ஆட்சிக் கால இந்தியாவில், மழைக்காலத்தில் குதிரை லாயங்களில் அடுக்கி வைத்த தோட்டா உறைகள் தாமாகவே வெடிப்பு விட்டன. உறை செய்யும்போது பித்தளைக்குள் தங்கிய இறுக்கமும், குதிரை மூத்திரத்திலிருந்து எழுந்த அமோனியாவும் சேர்ந்து செய்த வேலை அது என்பது 1921-ல்தான் விளக்கப்பட்டது. திருத்தும் டை செய்வதும் பித்தளைக்குள் இறுக்கத்தைத் தங்க வைக்கும் வேலைதான் என்பதை நினைவில் வையுங்கள்.

இன்னொன்று உங்கள் உடலுக்கு. பிரைமர் எரிந்த கரியில் ஈயம் உண்டு. உறைகளை உருட்டிச் சுத்தம் செய்யும் பாத்திரத்தை மூடிய அறையில் திறக்காதீர்கள். மேசையை விட்டு எழுந்ததும் சோப்புப் போட்டுக் கை கழுவிவிட்டே எதையும் சாப்பிடுங்கள்.

## உங்கள் துப்பாக்கிக்கு எது

ஒரே .308 போல்ட் ரைபிள், தன் உறையைத் தானே சுட்டுத் தானே நிரப்புகிறவர்: வழி 3, 2 தௌ. பொழுதிருந்தால் வழி 4. மிதமான அழுத்தத்தில் இலக்கு மட்டும் சுடுகிறவர் காலெட்டில் கழுத்தை மட்டும் திருத்திக்கொண்டு, போல்ட் இறுகுவதற்கு முன்பே உடல் டையில் ஒருமுறை போட்டு எடுத்தாலும் தவறில்லை. ஆனால் அந்த "முன்பே" என்பதை எண்ணிக்கை வைத்து முடிவு செய்யுங்கள், இறுகும்வரை காத்திருக்க வேண்டாம்.

ஒரே தோட்டாவுக்கு இரண்டு ரைபிள் இருந்தால், உறைகளைத் தனித்தனிப் பெட்டியில் பிரித்து ஒவ்வொன்றுக்கும் தனி அமைப்பு வைப்பதே சிறந்தது. அது முடியாதென்றால், இரண்டில் சிறிய சேம்பருக்கு ஏற்ப டையை நிறுத்துங்கள். பெரிய சேம்பரில் உறையின் ஆயுள் சற்றுக் குறையும், அதை ஏற்றுக்கொள்ளத்தான் வேண்டும்.

.223 அரைத்தானியங்கி வைத்திருப்பவருக்கு என் பதிலில் இரண்டாம் பேச்சுக்கு இடமில்லை. முழுத் திருத்தம், 3 முதல் 5 தௌ. போல்ட்டை மூடுவது வில்லின் விசை மட்டுமே, உங்கள் கை அங்கே உதவாது. போல்ட் முழுதும் பூட்டாத நிலையில் வெடித்தால் முகத்துக்கு நேரே வெடிக்கும். குண்டின் பிடியும் 2, 3 தௌவுக்குக் குறையக் கூடாது. ஏற்றப்படும்போது குண்டு உள்ளே அமுங்கினால் உறைக்குள் இடம் சுருங்கி அழுத்தம் எகிறும். பிரைமர் அடிமட்டத்துக்குக் கீழே அமர்ந்திருப்பதை விரலால் தடவிப் பார்த்துவிட்டே பெட்டியில் போடுங்கள்.

பெல்ட் வளையம் கொண்ட தோட்டாக்கள், உதாரணமாக 1963-ல் வந்த .300 வின்செஸ்டர் மேக்னம், பெயரளவில் அந்த வளையத்தில்தான் நிற்கின்றன. அதை நம்பி டையை அடிவரை இறக்கினால் தோள் மிகவும் பின்னுக்குப் போய் உறை இரண்டு மூன்று முறையிலேயே மெலிந்துவிடும். முதல் முறை சுட்ட பிறகு வளையத்தை மறந்துவிட்டு, தோளை வைத்தே 2 தௌ கணக்கில் திருத்துங்கள்.

இனி அந்தப் பழைய .303. அது அடி விளிம்பில் நிற்கும் தோட்டா. இராணுவச் சேம்பர்களில் தோளுக்கு முன்னால் தாராளமாக இடம் விட்டிருப்பார்கள், சேறு படிந்த தோட்டாவும் உள்ளே போக வேண்டும் என்பதற்காக. லீ என்ஃபீல்ட் என்னும் .303 இராணுவ ரைபிளின் பூட்டுகளும் போல்ட்டின் பின்பகுதியில் இருப்பதால், அழுத்தத்தில் போல்ட்டும் உடலும் சற்றே வளைந்து கொடுக்கும். இந்த இரண்டும் சேர்ந்து உறையைக் கொல்லும். ஆகவே கழுத்தை மட்டும் திருத்தும் வழிக்கு உண்மையான மதிப்புள்ள இடம் என்று நான் கருதுவது இதைத்தான். முதல் முறை சுட்டதும் தோள் முன்னால் போய்ச் சேம்பரில் அமர்ந்துவிடும். அதைப் பின்னுக்குத் தள்ளாமல் விட்டால், அடுத்த முறை உறை விளிம்பில் தொங்காமல் தோளில் நிற்கும். தோட்டாக்களையும் மிதமாகவே நிரப்புங்கள். போல்ட் இறுகினால் 1, 2 தௌவோடு நிறுத்துங்கள்.

ஆனால் இந்தத் துப்பாக்கியில் ஏற்கெனவே சுட்டு, முன்பு எப்படித் திருத்தினார்கள் என்றே தெரியாத உறைகள் ஒரு டப்பா நிறைய உங்களிடம் இருக்கும். அவற்றைத் திருத்துவதற்கு முன் ஒரு காகிதக் கிளிப்பை நிமிர்த்தி, முனையை அரை மில்லிமீட்டர் மடக்கி, அரத்தில் கூராக்குங்கள். உறைக்குள் அடிவரை விட்டு, சுவரோடு அழுத்தி மெதுவாக மேலே இழுங்கள். அடி முடிந்து சுவர் தொடங்கும் இடத்துக்குச் சற்று மேலே முனை ஒரு பள்ளத்தில் "தட்" என்று விழுந்து ஏறினால் அந்த உறையின் காலம் முடிந்தது. வெளியே பளிச்சென்று ஒரு வளையம் தெரிந்தால் கம்பிகூட வேண்டாம். ஒரு டப்பாவில் ஓர் உறை தட்டினால் மற்றவற்றையும் ஒன்று விடாமல் பாருங்கள், அவையும் அதே டையில் அதே கையால் திருத்தப்பட்டவை. தட்டியவற்றின் வாயை இடுக்கியால் நசுக்கிப் பழைய பித்தளையோடு போடுங்கள். நசுக்காமல் போட்டால் என்றாவது ஒருநாள் அவை மேசைக்குத் திரும்பி வரும்.